உபாலி பொருத்திய கார்கள்: மூடிய பொருளாதாரத்தில் பிறந்து காணாமற் போன இரு பெயர்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, சில மாதங்களில் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளில் கராஜ்களின் பின்பக்கத்தில் தூசு படிந்து கிடந்த கார்களுக்கெல்லாம் உயிர் வந்தது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் திரும்பவும் விலை பேசப்பட்டன. ஆனால் இந்த நாட்டிலேயே பொருத்தப்பட்டு, இந்த நாட்டவர் ஒருவரின் பெயரைத் தாங்கி ஓடிய இரண்டு கார்களைப் பற்றி அப்போதும் பெரிதாக யாரும் பேசவில்லை. ஒன்று உபாலி ஃபியட். மற்றது உபாலி மஸ்டா.

உபாலி விஜேவர்தன என்ற பெயரைக் கேட்டால் நம்மவர்களில் மூத்தவர்களுக்கு மூன்று விடயங்கள் ஞாபகத்துக்கு வரும்: கண்டோஸ் சொக்லட், ஒரு பத்திரிகை நிறுவனம், கடலுக்கு மேலே மறைந்த ஒரு விமானம். நான்காவதாக அவர் கார்களும் செய்தார் என்பது அரிதாகவே நினைவுகூரப்படுகிறது. அந்த நான்காவது விடயத்தின் வழியாக அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், 1970 தொடக்கம் 1983 வரை இந்த நாடு எப்படி மாறியது என்பதும் தெரியும். அந்த மாற்றத்தின் முழுச் சுமையையும் தாங்கியவர்கள் நாங்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

உபாலி 1938 பெப்ரவரி 17 அன்று மாத்தறை மாவட்டத்தின் கம்புருபிட்டியவில் பிறந்தார். விஜேவர்தன குடும்பம் கொழும்பின் செல்வாக்கு மிக்க குடும்பங்களில் ஒன்று. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தைத் தொடங்கிய டி.ஆர். விஜேவர்தன அவருடைய பெரியப்பா. ஜே.ஆர். ஜயவர்தனவின் தாயாரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையை மிகச் சிறு வயதிலேயே இழந்த உபாலியைத் தாயார் வளர்த்தார். கொழும்பு றோயல் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜின் குயின்ஸ் கல்லூரியில் பொருளியல் முடித்துத் திரும்பினார்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பின்னணியுள்ள இளைஞனுக்கு வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. வெள்ளைக்காரக் கொம்பனியில் முகாமைத்துவப் பயிலுநராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பெரிய பங்களாவில் ஓய்வு பெறுவது. உபாலியும் லீவர் பிரதர்ஸில் சேர்ந்தார். ஆனால் மேலதிகாரியோடு ஒத்துப்போக முடியாமல் விலகினார். பிறகு அவர் தேர்ந்தெடுத்தது அவருடைய வகுப்பைச் சேர்ந்தவர்கள் ஏளனமாகப் பார்க்கக்கூடிய ஒரு தொழில்: ரொபி செய்து விற்பது. டெல்டா ரொபி அப்படித்தான் கடைகளின் கண்ணாடிப் போத்தல்களுக்குள் வந்து சேர்ந்தது.

குண்டசாலையின் கொக்கோ

அடுத்து அவர் கைக்கு வந்தது கண்டோஸ். தாய்வழி மாமனான சரத் விஜேசிங்கவிடமிருந்து சிலோன் சொக்லட்ஸ் நிறுவனத்தை அவர் பொறுப்பேற்றார். அதன் தொழிற்சாலை கண்டிக்கு அருகே குண்டசாலையில் இருக்கிறது.

அது அங்கே அமைந்ததற்கு மண்ணே காரணம். கொக்கோ மரத்துக்கு நிழலும் ஈரமும் மிதமான உயரமும் வேண்டும். தேயிலை வளரும் உச்சி மலைகள் அதற்குக் குளிர் அதிகம். மகாவலி வளைந்து ஓடும் தும்பறைப் பள்ளத்தாக்கும் மாத்தளைப் பக்கமும் அதற்கு ஏற்ற நிலங்கள். காயை வெட்டி, வெள்ளைச் சதையோடு விதைகளை அள்ளி, பல நாட்கள் மூடிப் புளிக்கவைத்து, பிறகு காயவைத்தால்தான் சொக்லட்டுக்குரிய வாசம் வரும். புளிக்கவைப்பதில் பிழைத்தால் என்ன இயந்திரம் வைத்திருந்தாலும் பயனில்லை. தும்பறையிலும் மாத்தளையிலும் இருந்த தோட்டங்களில் இந்த வேலைகளைச் செய்த கைகளில் கணிசமானவை மலையகத் தமிழரின் கைகள். கண்டோஸ் உறையில் அவர்களுடைய பெயர் எதுவும் இல்லை என்றாலும், அந்தச் சுவையின் முதற்பாதி அவர்களிடமிருந்து வந்தது.

உபாலி சொக்லட்டோடு நிற்கவில்லை. சவர்க்காரம், வானொலி, மணிக்கூடு, தொலைக்காட்சி என்று அவருடைய நிறுவனங்கள் விரிந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வர்த்தகம் தொடங்கினார். இலங்கை முதலாளிகள் வெளிநாட்டுப் பொருளுக்கு முகவர்களாக இருப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், இங்கிருந்து வெளியே போய்த் தொழில் செய்த சிலரில் அவர் ஒருவர். இந்தக் காலத்தில்தான் கார்களும் வந்தன.

கதவு மூடியிருந்த காலம்

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்நியச் செலாவணி இல்லை. எனவே இறக்குமதி இறுக்கப்பட்டது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து விவசாயிகள் அந்தக் காலத்தை இன்றும் நல்ல காலமாக நினைவுகூருவதற்குக் காரணம் அதுதான். வெங்காயத்திலும் மிளகாயிலும் கண்ட வருமானத்தில் கல்வீடு கட்டியவர்கள் உண்டு, லொறி வாங்கியவர்கள் உண்டு, பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் உண்டு.

அதே மூடிய கதவு கண்டிச் சுற்றுவட்டாரத்தில் வேறு முகம் காட்டியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்கின. கையில் நிலமில்லாத தோட்டத் தொழிலாளிக்கு வெங்காய விலை உயர்வதால் எந்த நன்மையும் இல்லை. மரவள்ளியையும் இலைகுழைகளையும் அவித்துத் தின்ற கதைகளை மலையகக் குடும்பங்கள் இன்னும் சொல்கின்றன. பட்டினியால் உயிர்கள் போயின. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் கைமாறியபோது, தலைமுறைகளாக வேலை செய்த லயங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களும் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். இன்னொரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். பின்னாளில் போரின் வழியில் அகப்பட்டவர்களில் அவர்களும் அடங்குவர்.

இந்தப் பின்னணியில் புதுக் கார் என்பது கனவிலும் எட்டாத பொருள். பணம் இருந்தாலும் காரை முழுதாக இறக்க முடியாது. அப்படியான ஒரு சந்தையில் ஒரு வழி மட்டும் இருந்தது: காரைப் பிரித்து, பெட்டிகளில் உதிரிப்பாகங்களாகக் கொண்டுவந்து, இங்கே பொருத்துவது.

பெட்டியில் வந்த கார்

பொருத்துதல் என்பதைச் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். அதில் என்ன கெட்டித்தனம், திருகாணியை முறுக்குவதுதானே என்பார்கள். உண்மையில் உலகின் பெரும்பாலான நாடுகள் கார்த் தொழிலுக்குள் நுழைந்த வாசல் அதுதான். இயந்திரமும் கியர்ப்பெட்டியும் மரப்பெட்டிகளில் வரும். உடல்தகடுகள் இங்கே ஒட்டப்பட்டுச் சாயம் பூசப்படும். பற்றரி, ரயர், இருக்கை, கண்ணாடி என்று உள்ளூரில் செய்யக்கூடியவை ஒவ்வொன்றாக உள்ளூரில் செய்யப்படும். கப்பல் கூலி மிச்சம், தீர்வை குறைவு, அந்நியச் செலாவணி மிச்சம். எல்லாவற்றையும்விட, தகடு ஒட்டவும் சாயம் பூசவும் அளவு பார்க்கவும் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகும்.

உலகில் அதிகம் அறியப்படாத கார்கள் என்று பட்டியல் போட்டால், அவற்றில் பெரும்பகுதி இப்படி வேறு பெயரில் உலாவிய தெரிந்த கார்கள்தான். இத்தாலியின் ஃபியட் ஒன்றே எத்தனை நாடுகளில் எத்தனை வேடம் போட்டது! ஃபியட் 600 ஸ்பெயினில் 1957இல் சியட் 600 ஆகியது. யூகோஸ்லாவியாவில் அது சஸ்தாவா. ஃபியட் 124 சோவியத் ஒன்றியத்தின் தொல்யாத்தி நகரில் 1970இலிருந்து ஷிகுலியாக வெளிவந்து, பிறகு லாடா என்ற பெயரில் உலகம் சுற்றியது. போலந்தில் போல்ஸ்கி ஃபியட். பம்பாயின் தெருக்களை நிறைத்த பிரீமியர் பத்மினி என்பது ஃபியட் 1100. கல்கத்தாவில் செய்யப்பட்ட அம்பாசடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மொறிஸ் ஒக்ஸ்போட். இந்தக் குடும்பத்தில் இலங்கையின் பிள்ளைதான் உபாலி ஃபியட்.

உபாலி மஸ்டாவின் உறவுமுறை இன்னும் கவனிக்க வேண்டியது. ஜப்பானின் மஸ்டா நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று, அதே 1970களில், தென்கொரியாவிலும் ஒரு கொம்பனி கார் செய்யத் தொடங்கியது. மஸ்டா ஃபமிலியாவை அடிப்படையாகக் கொண்டு 1974இல் வெளிவந்த அந்தக் காரின் பெயர் பிரிசா. கொம்பனியின் பெயர் கியா. அதுவரை துவிச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் சிறு லொறியும் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. இன்று கியா கார் ஓடாத நாடு அரிது. இலங்கையும் அதை இறக்குமதி செய்கிறது. கொரியாவின் சந்தையும் அரச ஆதரவும் இலங்கையைவிடப் பல மடங்கு பெரியவை என்பது உண்மை. ஆனாலும் ஒரே கொம்பனியிடம் இரண்டு நாடுகளும் பாடம் கேட்டன. ஒரு நாடு வகுப்பை முடித்தது. மற்றது பாதியில் எழுந்து போனது.

எழுத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்நாளைய எல்லா வாகனங்களையும் போல இந்தக் கார்களின் இலக்கத் தகட்டிலும் சிங்கள ‘சிறி’ எழுத்துத்தான் இருந்தது. 1957இல் கட்டாயமாக்கப்பட்ட அந்த எழுத்துக்குத் தார் பூசிச் சிறை போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். நாட்டுக்குச் சொந்தமான கார் என்ற பெருமை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க முடியாததற்கு அந்தத் தகடு ஒரு சாட்சி.

கதவைத் திறந்த கை

1975இல் உபாலி லக்மினி ரத்வத்தவை மணந்தார். மலைநாட்டின் பழம்பெரும் பிரபுத்துவக் குடும்பமான ரத்வத்த குடும்பத்தின் பெண். பிரதமர் சிறிமாவோவின் சகோதரரின் மகள். கரையோரத்து முதலாளிக் குடும்பமும் கண்டிய நிலப்பிரபுக் குடும்பமும் அந்தத் திருமணத்தில் இணைந்தன. இரண்டு ஆண்டுகளில் ஆட்சி மாறியது. 1977 யூலைத் தேர்தலில் ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு வந்த ஜே.ஆர். அவருடைய இரத்த உறவு. எந்தக் கட்சி வந்தாலும் அரண்மனைக்குள் ஒரு வாசல் அவருக்குத் திறந்திருந்தது.

அந்தத் தேர்தல் முடிந்த அடுத்த மாதமே நாடெங்கும் தமிழர்மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டது. கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்களிலிருந்தும் மக்கள் ஓடினார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த வரவுசெலவுத் திட்டம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1978இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு சட்டத்தால் உருவாக்கப்பட்டு, கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபோது, அதன் தலைமைப் பொறுப்புக்கு ஜே.ஆர். நியமித்தவர் உபாலி.

அவருடைய வாழ்க்கையின் பெரிய முரண் இங்கேதான் இருக்கிறது. மூடிய பொருளாதாரத்தின் கட்டுப்பாடுகளே அவருடைய கார்களுக்கு அர்த்தம் கொடுத்தன. அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கும் கொள்கையின் முகமாக நின்றவரும் அவரே. இறக்குமதி திறந்ததும் ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடி மீள்சீரமைக்கப்பட்ட கார்களும் வான்களும் துறைமுகத்தில் வந்து குவிந்தன. உள்ளூரில் பொருத்தும் சிறிய தொழிற்சாலை அவற்றோடு விலையிலும் எண்ணிக்கையிலும் போட்டி போட முடியாது. உபாலி ஃபியட்டும் உபாலி மஸ்டாவும் நிலைக்கவில்லை. அதே அலையில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் விலை இழந்தன. படித்தும் வேலையில்லாத, தோட்டம் செய்தும் கட்டுபடியாகாத ஒரு தலைமுறை வடக்கில் என்ன செய்தது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

உபாலிக்குக் கார்களின் இழப்பு பெரிய அடியல்ல. அவருக்கு வேறு தொழில்கள் இருந்தன, பந்தயக் குதிரைகள் இருந்தன, சொந்த ஜெட் விமானம் இருந்தது. 1981இல் திவயின, தி ஐலண்ட் பத்திரிகைகளைத் தொடங்கினார். பெரியப்பாவின் லேக் ஹவுஸை 1973இல் அரசு எடுத்துக்கொண்ட பின்னணியில், ஒரு விஜேவர்தன மீண்டும் பத்திரிகை நடத்தியது பேசப்பட்டது. அவர் மறைந்த பிறகு போர்க்காலத்தில் அந்தப் பத்திரிகைகள், குறிப்பாகத் திவயின, சிங்களத் தேசியவாதத்தின் உரத்த குரலாக ஒலித்ததைத் தமிழர்கள் மறக்கவில்லை. அரசியலுக்கு வரும் ஆசையும் அவரிடம் வெளிப்பட்டது. ஆளுங்கட்சிக்குள்ளேயே அதை விரும்பாதவர்கள் இருந்தார்கள். பிரதமர் பிரேமதாசவுடனான முரண்பாடு ஊரறிந்தது.

தேடப்பட்டவரும் தேடப்படாதவர்களும்

1983 பெப்ரவரி 13 இரவு, கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு அவருடைய லியர்ஜெட் புறப்பட்டது. மலேசியச் சட்டத்தரணி ஒருவரும், நிறுவனப் பணிப்பாளர் ஒருவரும், விமானப் பணியாளர் மூவரும் உடனிருந்தார்கள். மலாக்கா நீரிணைக்கு மேலே விமானம் மறைந்தது. நான்கு நாட்கள் கழித்து அவருக்கு 45 வயது ஆகியிருக்கும்.

பல நாடுகளின் விமானங்களும் கப்பல்களும் தேடின. உடல் கிடைக்கவில்லை. சதி என்றும் குண்டு என்றும் கதைகள் கிளம்பின. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆறு குடும்பங்கள் பதிலில்லாமல் இருந்தன. அந்த வேதனை எப்படிப்பட்டது என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த ஆறு பேருக்காக அரசு கடலைத் துழாவியது. 1989ஐ ஒட்டிய நாட்களில் கண்டிப் பக்கத்தில் காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞர்களுக்காகவும், அதற்கு முன்னும் பின்னும் வடக்கு கிழக்கில் காணாமலாக்கப்பட்ட தமிழர்களுக்காகவும் அப்படி எவரும் தேடவில்லை. தாய்மார்தான் படத்தைக் கையில் பிடித்துத் தேடினார்கள். இன்னும் தேடுகிறார்கள்.

விமானம் மறைந்து ஐந்து மாதங்களில் கறுப்பு யூலை. யூலை 26 அன்று கண்டி நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. வெளிநாட்டு முதலீட்டை அழைக்க உபாலி உலகம் முழுதும் பறந்து சொல்லிய அமைதியான இலங்கை அந்த வாரத்தோடு முடிந்தது. அதே 1983இல், அவர் வர்த்தகம் செய்த மலேசியாவில், புரோட்டோன் என்ற தேசியக் கார் நிறுவனம் உருவானது. ஜப்பானின் மிட்சுபிஷியிடம் தொழில்நுட்பம் வாங்கி 1985இல் முதற் காரை வெளியிட்டது. இலங்கை அந்த ஆண்டுகளில் கவச வாகனங்களுக்குச் செலவழித்தது.

போர்க்காலத்தில் எங்களுக்கு உதவிய கார்கள் வேறு. 1990க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் தடுக்கப்பட்டபோது, பழைய ஒஸ்ரின் ஏ-40களும் சோமசெற்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை அதைத் தாங்கின. கல்யாண வீட்டுக்கும் அவைதான், காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அவைதான். அவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகள் எந்தத் தொழிற்சாலையிலும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஒரு நாடு தன்னுடைய கார்த் தொழிலைக் கட்ட விரும்பியிருந்தால், முதலில் கூப்பிட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

உபாலியைத் தேசிய வீரனாகக் காட்டுவது மிகை. அவர் அதிகாரத்துக்கு நெருக்கமான குடும்பத்தில் பிறந்து, அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தத் தெரிந்த முதலாளி. ஆனால் இறக்குமதி முகவராக இருந்து தரகுக்காசு எண்ணாமல், இங்கேயே ஏதாவது செய்து பார்க்கலாம் என்று நினைத்தவர். அந்த எண்ணத்தை அவருடைய வகுப்பும் அரசும் தொடரவில்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது, கையில் டொலர் இல்லாத ஒரு நாடு என்ன விலை கொடுக்கும் என்பதை எல்லோரும் சேர்ந்து அனுபவித்தோம்.

கண்டோஸ் இன்னும் கடைகளில் இருக்கிறது. குண்டசாலையும் இருக்கிறது. கார்கள்தான் போய்விட்டன. பேராதனைப் பக்கமோ மாத்தளை வீதியிலோ ஒரு பழைய கராஜில் உபாலியின் பெயர் தாங்கிய கார் ஒன்றை யாராவது கண்டால், இரும்புக்கு விற்பதற்கு முன் ஒரு படமாவது எடுத்து, பதிவுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துவது நல்லது. ஒரு பொருளின் ஆவணம் அழிந்தால், அது இருந்ததையே மறுக்க ஆட்கள் வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.